மூன்று நாட்டு ஜெர்சி போட்டும் உலகக்கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடாத ஸ்டார்: பார்சிலோனாவின் லாஸ்லோ குபாலா யார்?

1954 மார்ச் 17. இத்தாலியின் ரோம் நகரம். ஸ்பெயினும் துருக்கியும் மோதும் ஆட்டம். ஜெயிக்கிற அணி சுவிட்சர்லாந்தில் நடக்கும் உலகக்கோப்பைக்குப் போகும். தோற்கிற அணி வீட்டுக்குப் போகும்.

ஸ்பெயின் அணியின் துருப்புச்சீட்டு ஒரே ஒருவர்தான். ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு ஸ்பெயின் அதிகாரிகள் கையில் ஒரு தந்தி வந்து சேருகிறது. ஃபிஃபா பெயரில் வந்த தந்தி. அந்த வீரரை இறக்கினால் சிக்கல் வரும் என்பதுதான் அதன் சாரம். அதிகாரிகள் பயந்துபோய் அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆட்டம் 2-2. கூடுதல் நேரத்திலும் முடிவு இல்லை. பெனால்டி ஷூட் அவுட் என்ற ஒன்று அன்று கிடையாது. ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டி, சீட்டு எடுக்கச் சொன்னார்கள். துருக்கியின் பெயர் வந்தது. ஸ்பெயின் அவுட்.

ஓரமாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வீரர்தான் லாஸ்லோ குபாலா. பார்சிலோனா கிளப்பின் நூற்றாண்டு விழா 1999-ல் நடந்தபோது, கிளப்பின் வரலாற்றிலேயே சிறந்த வீரர் யார் என்று ரசிகர்களிடம் கேட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது குபாலாவைத்தான். மெஸ்ஸி வருவதற்கு முந்தைய காலம் அது.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஏன் ஒரு உலகக்கோப்பைகூட ஆடவில்லை? அவர் காலில் குறை இல்லை. குறை எல்லாம் அவருடைய பேப்பரில்தான் இருந்தது. பாஸ்போர்ட், குடியுரிமை, சங்கத்தின் அனுமதிக் கடிதம், தடை உத்தரவு... குபாலாவின் வாழ்க்கையை இந்தக் காகிதங்கள்தான் இங்கேயும் அங்கேயும் இழுத்துக்கொண்டு போயின.

பிறந்தது எங்கே?

1927 ஜூன் 10-ம் தேதி ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் குபாலா பிறந்தார். சாதாரண தொழிலாளர் குடும்பம். குடும்பத்தின் வேர்களில் ஸ்லோவாக் ரத்தமும் கலந்திருந்தது. இந்தச் சின்ன விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் அவருக்குக் கதவைத் திறந்துவிடும்.

கான்ஸ் என்ற தொழிற்சாலையின் அணியில் ஆடப் பழகினார். சின்ன வயதில் குத்துச்சண்டையும் பழகியவர். அந்த உடம்பு கடைசி வரை அவருக்குக் கைகொடுத்தது. தொடை இரண்டும் தூண் மாதிரி. பந்துக்கும் எதிராளிக்கும் நடுவில் தன் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், பந்தை அவரிடம் இருந்து பிடுங்கவே முடியாது.

1945-ல் ஹங்கேரியின் பெரிய கிளப்பான ஃபெரன்ஸ்வாரோஷில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் அப்போதுதான் முடிந்திருந்தது. நகரமே இடிபாடு. அடுத்த ஆண்டே எல்லை தாண்டி செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய், பிராட்டிஸ்லாவா அணியில் சேர்ந்தார். ஹங்கேரியில் கட்டாய ராணுவ சேவையைத் தவிர்ப்பதற்காகவே அவர் கிளம்பினார் என்று சொல்லப்படுவதுண்டு.

அங்கே ஃபெர்டினாண்ட் டௌச்சிக் என்பவரின் நட்பு கிடைத்தது. டௌச்சிக்கின் தங்கையைக் கல்யாணமும் செய்துகொண்டார். மச்சான் டௌச்சிக் பின்னால் இந்தக் கதையில் பெரிய பாத்திரம்.

மூன்று நாட்டுக்கு ஆடியது எப்படி?

இன்றைக்கு இப்படி ஆட முடியுமா? முடியாது. அந்தக் காலத்தில் விதிகள் தளர்வாக இருந்தன. ஒரு நாட்டின் குடியுரிமை கிடைத்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம், முன்பு வேறு நாட்டுக்கு ஆடியிருந்தாலும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். குபாலா மட்டும் இல்லை. ரியல் மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினாவுக்கும் ஸ்பெயினுக்கும் ஆடியவர். புஷ்காஷ் ஹங்கேரிக்கும் ஸ்பெயினுக்கும் ஆடியவர். 1960-களில்தான் ஃபிஃபா இதற்குக் கடிவாளம் போட்டது.

ஸ்லோவாக் வேர் இருந்ததால் குபாலா முதலில் ஆடியது செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. 1946, 47-ல் 6 ஆட்டங்கள். 1948-ல் திரும்ப புடாபெஸ்டுக்கு வந்து வாஷாஷ் கிளப்பில் சேர்ந்தார். அந்த ஆண்டு ஹங்கேரிக்காக 3 ஆட்டங்கள். பிறகு ஸ்பெயினுக்காக 19 ஆட்டங்களில் 11 கோல்கள்.

ஹங்கேரியில் அவர் பெயர் லாஸ்லோ. செக்கோஸ்லோவாக்கியாவில் லாடிஸ்லாவ். ஸ்பெயினில் லாடிஸ்லாவோ. ஆள் ஒருவர்தான், பெயர் மட்டும் எல்லைக்கு எல்லை மாறிக்கொண்டே வந்தது.

லாரியில் ஏறித் தப்பியவர்

1948-49-ல் ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் பிடி முழுசாக இறுகிவிட்டது. மேற்கு எல்லை மூடப்பட்டுக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் ஆடி நாலு காசு சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை.

1949 ஜனவரியில் குபாலா முடிவெடுத்தார். ஒரு சின்னக் கூட்டத்தோடு சேர்ந்து, சோவியத் ராணுவ வீரர்கள் மாதிரி உடை போட்டுக்கொண்டு, லாரியில் எல்லையை நோக்கிப் போனார். அங்கிருந்து ஆஸ்திரியா. அப்புறம் இத்தாலி. மனைவியும் கைக்குழந்தை பிராங்கோவும் தனியாகத் தப்பி வந்து அவரோடு சேர்ந்தார்கள். அப்போது குபாலாவுக்கு 21 வயது.

இத்தாலியில் ப்ரோ பாட்ரியா என்ற கிளப் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் ஹங்கேரி கால்பந்து சங்கம் விடவில்லை. ஒப்பந்தத்தை மீறினார், அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போனார், ராணுவ சேவையைத் தட்டிக்கழித்தார் என்று குற்றச்சாட்டுகளை அடுக்கியது. ஃபிஃபாவும் அதை ஏற்றுக்கொண்டு ஒரு வருடத் தடை போட்டது. ஊரைவிட்டு ஓடிவந்த அகதி ஒருவர், எந்த அரசாங்கத்திடம் இருந்து தப்பி வந்தாரோ அதே அரசாங்கத்தின் சங்கத்திடம் அனுமதிக் கடிதம் வாங்கி வர வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி? அன்றைய விதி அப்படித்தான் இருந்தது.

நூலிழையில் தப்பிய உயிர்

இதற்கு நடுவில் இன்னொரு சம்பவம். 1949-ல் இத்தாலியின் அசைக்க முடியாத அணி டோரினோ. அந்த அணி போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனுக்குப் போய் பென்ஃபிகாவோடு நட்புரீதியான ஆட்டம் ஒன்றில் ஆட இருந்தது. குபாலாவையும் கூட வரச் சொல்லி அழைத்தார்கள். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவருக்கு அது நல்ல வாய்ப்பு.

குடும்பக் காரணத்தால் அவர் போகவில்லை. மனைவியும் பிள்ளையும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

மே 4-ம் தேதி, திரும்பி வரும் வழியில் டூரின் நகருக்கு அருகே சுபெர்கா குன்றில் டோரினோ அணியின் விமானம் மோதியது. 31 பேர் இறந்துபோனார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இத்தாலி தேசிய அணியின் பாதிக்கும் மேலானவர்கள் அந்த ஒரு விபத்தில் போய்விட்டார்கள்.

அகதிகளே சேர்ந்து அமைத்த அணி

தடையில் இருக்கும் வீரர் சும்மா உட்கார முடியுமா? ரோம் அருகே சினெசிட்டா என்ற சினிமா ஸ்டூடியோ வளாகத்தில் அப்போது அகதி முகாம் இருந்தது. கிழக்கு ஐரோப்பாவில் இருந்து ஓடிவந்த ஆட்டக்காரர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். அவர்களைச் சேர்த்து 1950 தொடக்கத்தில் ஒரு அணி உருவானது. பெயர் ஹுங்காரியா. பயிற்சியாளர், மச்சான் டௌச்சிக்.

அந்த அணிக்கு நாடு கிடையாது, மைதானம் கிடையாது, லீக் கிடையாது. எங்கே கூப்பிடுகிறார்களோ அங்கே போய் காட்சி ஆட்டம் ஆடும், கிடைப்பதைப் பங்கு போட்டுக்கொள்ளும். சர்க்கஸ் கம்பெனி மாதிரிதான்.

1950 கோடையில் இந்த அணி ஸ்பெயினுக்கு வந்தது. மாட்ரிட்டில் ஆடியது, பார்சிலோனாவில் எஸ்பன்யோல் கிளப்போடு ஆடியது. பார்த்தவர்கள் எல்லோருடைய கண்ணும் ஒருவர் மேல்தான். ரியல் மாட்ரிட் தலைவர் சான்டியாகோ பெர்னபெயூ ஒப்பந்தம் பேசினார். மச்சானையும் பயிற்சியாளராக எடுத்துக்கொள்ளணும் என்பது குபாலா வைத்த நிபந்தனை. அங்கேதான் பார்சிலோனாவின் ஜோசப் சாமிட்டியெர் புகுந்தார். பழைய நட்சத்திர ஆட்டக்காரர், அப்போது கிளப் நிர்வாகத்தில் இருந்தவர், மேலிடத்தில் செல்வாக்கு உள்ளவர். மச்சான் உட்பட எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லி, 1950 ஜூன் 15-ல் கையெழுத்து வாங்கிவிட்டார்.

ரயிலில் குடிக்க வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்றெல்லாம் இதைச் சுற்றிப் பல கதைகள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். மச்சானுக்கும் சேர்த்து வேலை கொடுத்ததுதான் வேலையை முடித்தது என்று எடுத்துக்கொள்வது சரியாக இருக்கும்.

ஃபிராங்கோ அரசுக்கு அவர் எதற்கு?

கையெழுத்து போட்டாச்சு. ஆனால் தடை இன்னும் இருக்கிறது. நட்புரீதியான ஆட்டங்களில் மட்டும் ஆடிக்கொண்டு, 1951 வசந்தகாலம் வரை குபாலா காத்திருந்தார். அந்த ஆண்டு ஸ்பெயின் கோப்பைப் போட்டியில்தான் பார்சிலோனாவுக்காக அதிகாரபூர்வமாக இறங்கினார். முதல் போட்டியிலேயே கோப்பை. குடியுரிமையும் கிடைத்தது.

இங்கே அரசியலையும் பார்க்க வேண்டும். ஸ்பெயினை ஆண்டது சர்வாதிகாரி ஃபிராங்கோ. கம்யூனிஸ்ட் நாட்டில் இருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த ஸ்டார் ஆட்டக்காரர் என்றால், அவருடைய அரசுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறு என்ன வேண்டும்? குபாலா தப்பிய கதையையே படமாக எடுத்தார்கள். 1955-ல் வெளியான லோஸ் ஆசெஸ் புஸ்கான் லா பாஸ் என்ற அந்தப் படத்தில் ஹீரோ குபாலாவேதான், தன் வேடத்தில் தானே நடித்தார்.

இன்னொரு பக்கம், பார்சிலோனா நகரம் ஃபிராங்கோ ஆட்சியில் நசுக்கப்பட்ட கட்டலோனியாவின் தலைநகரம். கட்டலான் மொழியைப் பொதுவெளியில் பயன்படுத்தவே தடைகள் இருந்த காலம். அந்த ஊர் மக்கள் தலைநிமிர்ந்து சந்தோஷப்பட இருந்த ஒரே இடம் பார்சிலோனா கிளப்பின் மைதானம். ஆக, அரசாங்கம் தன் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்ட அதே மனுஷனை, அரசாங்கத்தைப் பிடிக்காத ஊரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஒருவரை வைத்து இரண்டு தரப்பும் இப்படிச் சொந்தம் கொண்டாடியதற்கு கால்பந்தில் வேறு உதாரணம் தேடுவது கஷ்டம்.

களத்தில் அப்படி என்ன செய்தார்?

1951-52 சீசன். குபாலாவுக்கு அதுதான் முதல் முழு லீக். 19 ஆட்டங்கள், 26 கோல்கள். ஸ்போர்ட்டிங் கிகோன் அணியை 9-0 என்று அடித்த ஆட்டத்தில் 7 கோல் அவருடையது. ஸ்பெயின் லீக்கில் ஒரே ஆட்டத்தில் ஒருவர் அடித்த அதிகபட்ச கோல்கள் அதுதான். அத்லெடிக் பில்பாவோவின் பாட்டா என்பவரும் 1931-ல் 7 அடித்திருக்கிறார், அதுவும் பார்சிலோனாவுக்கு எதிராகவே. மெஸ்ஸி, ரொனால்டோ காலத்தில்கூட இந்தச் சாதனை உடையவில்லை.

அந்த சீசனில் பார்சிலோனா ஆடிய ஐந்து போட்டிகளிலும் கோப்பை. லீக், ஸ்பெயின் கோப்பை, லத்தீன் கோப்பை, ஏவா துவார்தே கோப்பை, மார்ட்டினி ரோஸி கோப்பை. ஐந்து கோப்பைகளின் பார்சிலோனா என்றே அந்த அணிக்குப் பெயர் வந்துவிட்டது.

எண்ணிக்கையைவிட ஆட்ட முறைதான் முக்கியம். ஸ்பெயினில் அன்றைக்கு ஃப்ரீ கிக் என்றால் பலத்தைத் திரட்டி நேராக உதைப்பதுதான் வழக்கம். குபாலா பந்தை வளைத்து அடித்தார். தடுப்பாக நிற்கும் ஆட்களைச் சுற்றிக்கொண்டு பந்து வலைக்குள் போய் விழும். இன்று டிவியில் நாம் சாதாரணமாகப் பார்க்கிற விஷயம். அன்று அது மேஜிக். பெனால்டி அடிக்க வரும்போது கோல்கீப்பரை ஏமாற்றி ஒரு பக்கம் சாய வைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் மறுபக்கம் தட்டிவிடுவார். முதுகைக் கோலுக்குக் காட்டிக்கொண்டு பந்தைக் காலடியில் வைத்துக் காப்பது, தக்க நேரத்தில் சட்டென்று திரும்புவது, இதெல்லாம் பார்சிலோனா பையன்கள் தெருவில் பார்த்துப் பழகிய பாடங்கள் ஆயின. பாடகர் ஜோன் மானுவல் செராட் பின்னாளில் அவர் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதினார்.

இரவு வாழ்க்கையும் அவருக்குப் பிடிக்கும். குடி, கொண்டாட்டம் எல்லாம் உண்டு. காலையில் காபியும் குளியலும் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கி கோல் அடிப்பார் என்று அவரோடு ஆடியவர்கள் வழியே வந்த கதைகள் ஏராளம். கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வருகிற அகதிகளுக்கு அவர் வீடு எப்போதும் திறந்திருக்கும் என்பதும் அதே ஊர் சொல்கிற கதைதான். சம்பாதித்ததில் பெரிய பங்கு இந்த இரண்டு வழியிலும் போனது.

காசநோய் என்று சொன்னார்கள்

1952 கடைசியில் குபாலாவுக்குக் காசநோய் வந்தது. அவர் இனி ஆட மாட்டார் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. மலைப்பகுதியில் ஓய்வெடுக்க அனுப்பினார்கள். 1953 தொடக்கத்தில் திரும்பி வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை, அந்த ஆண்டும் லீக்கும் கோப்பையும் பார்சிலோனாவுக்கே.

இந்த இடைவெளியில்தான் பார்சிலோனா, அர்ஜென்டினாவின் டி ஸ்டெஃபானோவைக் கொண்டுவர மும்முரமாக முயன்றது. பெரிய சட்டச் சிக்கலாகி, கடைசியில் டி ஸ்டெஃபானோ ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். குபாலாவும் டி ஸ்டெஃபானோவும் ஒரே கிளப்பில் முன்வரிசையில் ஆடியிருந்தால் ஐரோப்பியக் கால்பந்து வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று சொல்லாத ஸ்பெயின் ரசிகர் இல்லை.

கேம்ப் நூ மைதானம் அவருக்காகக் கட்டப்பட்டதா?

பார்சிலோனாவின் பழைய மைதானம் லெஸ் கோர்ட்ஸ். விரிவாக்கிய பிறகும் சுமார் 60,000 பேர்தான் கொள்ளும். குபாலாவைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு அது போதவில்லை, அதனால்தான் கேம்ப் நூ கட்டினார்கள் என்பது அந்த ஊரில் பலரும் சொல்வது.

கொஞ்சம் மிகைதான். புது மைதானத்துக்கான இடத்தை கிளப் 1950-லேயே பார்த்துவிட்டது. குபாலா அப்போது ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் 1954-ல் அடிக்கல் நாட்டி, 1957 செப்டம்பர் 24-ல் திறக்கும் வரை கடன் மேல் கடன் வாங்கி அவ்வளவு பெரிதாகக் கட்டும் தைரியம் நிர்வாகத்துக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வாரா வாரம் லெஸ் கோர்ட்ஸில் இடம் கிடைக்காமல் வெளியே நின்ற கூட்டத்தைத்தான் காட்ட வேண்டும்.

உலகக்கோப்பை ஏன் கைக்கு எட்டவில்லை?

ரோம் கதைக்குத் திரும்பலாம். 1954 தகுதிச் சுற்றில் ஸ்பெயின் மாட்ரிட்டில் துருக்கியை 4-1 என்று வீழ்த்தியது. இஸ்தான்புல்லில் துருக்கி 1-0 என்று ஜெயித்தது. இன்றைய கணக்குப்படி கோல் வித்தியாசத்தில் ஸ்பெயின் அலட்டிக்கொள்ளாமல் தகுதி பெற்றிருக்கும். அன்று கோல் வித்தியாசத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு வெற்றி, அதனால் பொதுவான இடத்தில் மூன்றாவது ஆட்டம். அதற்குத்தான் அந்தத் தந்தி வந்தது.

இந்த இடத்தில் ஒரு வேதனையான கணக்கு. 1954 உலகக்கோப்பையில் ஹங்கேரி ஆடியது, இறுதிப்போட்டி வரை போனது. செக்கோஸ்லோவாக்கியாவும் ஆடியது. குபாலா ஜெர்சி போட்ட மூன்று நாடுகளில் இரண்டு அங்கே இருந்தன. அவர் இப்போது எந்த நாட்டுக்காரரோ அந்த நாடு மட்டும் இல்லை.

1958-லும் இதே கதை. தகுதிச் சுற்றில் சுவிட்சர்லாந்தோடு மாட்ரிட்டில் 2-2 டிரா, கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்திடம் 4-2 தோல்வி. பிறகு இரண்டு ஆட்டங்களை 4-1, 4-1 என்று ஜெயித்தும் ஒரு புள்ளியில் ஸ்காட்லாந்து முந்திவிட்டது. குபாலாவும் டி ஸ்டெஃபானோவும் சேர்ந்து ஆடிய அணி அது! சுவீடனுக்குப் போன அணிகளில் ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் இருந்தன. ஸ்பெயின் இல்லை.

1962-ல் ஸ்பெயின் ஒருவழியாக சிலி உலகக்கோப்பைக்குப் போனபோது, குபாலா பார்சிலோனாவின் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பெர்ன் நகரத்துக் கோல் கம்பங்கள்

1956-ல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்ததும் ஹங்கேரியின் தங்க அணி சிதறியது. அதில் இருந்த கொச்சிஷ், சிபோர் இருவரும் 1958-ல் பார்சிலோனாவுக்கு வந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்ததில் குபாலாவின் கை உண்டு. அகதியாக வந்தவர், அடுத்து வந்த அகதிகளுக்கு வழி காட்டினார்.

ஆனால் அதே ஆண்டு புதுப் பயிற்சியாளராக ஹெலெனியோ ஹெரேரா வந்தார். கண்டிப்புக்குப் பேர்போனவர். வயது முப்பதைத் தாண்டிய, இரவில் தூங்காத நட்சத்திரங்களை அவருக்குப் பிடிக்கவில்லை. பார்சிலோனா 1959, 1960 இரண்டு ஆண்டும் லீக் ஜெயித்தது, ஆனால் குபாலா அடிக்கடி வெளியே உட்கார வேண்டியிருந்தது. 1960-ல் ஹெரேரா போன பிறகுதான் மறுபடி உள்ளே வந்தார்.

அடுத்த சீசனில், தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்த ரியல் மாட்ரிட்டை முதன்முதலாக அந்தப் போட்டியிலிருந்து வெளியேற்றிய அணி பார்சிலோனா. 1961 மே 31, இறுதிப்போட்டி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம், எதிரணி பென்ஃபிகா.

1954-ல் ஹங்கேரி உலகக்கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்ற அதே வாங்க்டோர்ஃப் மைதானம். கொச்சிஷும் சிபோரும் அன்றும் ஆடியவர்கள். இந்த முறை இருவருமே ஆளுக்கு ஒரு கோல் அடித்தார்கள். அந்த மைதானத்தில் கோல் கம்பங்கள் உருண்டையாக இல்லாமல் சதுரமாக இருக்கும். பார்சிலோனா அடித்த பந்துகள் திரும்பத் திரும்பக் கம்பத்தில் பட்டு வெளியே வந்தன. குபாலா அடித்ததும் அப்படித்தான். முடிவு? மறுபடியும் 3-2 தோல்வி.

அந்த ஆகஸ்டில் நடந்த குபாலாவின் பாராட்டு ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோவும் புஷ்காஷும் பார்சிலோனா ஜெர்சி போட்டு ஆடினார்கள். லீக்கில் மட்டும் பார்சிலோனாவுக்காக 186 ஆட்டங்களில் 131 கோல்கள் என்ற கணக்கோடு அவர் ஓய்வு பெற்றார். பெற்றதாக எல்லோரும் நினைத்தார்கள்.

40 வயதில் கனடாவில்

ஓய்வு என்பது அவர் உடம்புக்குப் பிடிக்காத சொல். பார்சிலோனாவின் பயிற்சியாளர் வேலை 1963-ல் போனதும், அதே ஊரில் இருக்கும் பரம எதிரியான எஸ்பன்யோலில் போய்ச் சேர்ந்து, மறுபடி ஷூ மாட்டினார். பார்சிலோனா ரசிகர்களுக்கு இது நெஞ்சில் குத்திய மாதிரி. அங்கே பயிற்சியாளராகவும் ஆனார். டி ஸ்டெஃபானோ மாட்ரிட்டை விட்டு வந்ததும் அந்த எஸ்பன்யோலுக்குத்தான். பத்து வருடத்துக்கு முன்பு பார்சிலோனா கனவு கண்ட ஜோடி, இருவருக்கும் முடி கொட்டிய காலத்தில் எதிரி கிளப்பில் சேர்ந்தது.

அடுத்து சுவிட்சர்லாந்தின் ஜூரிக் கிளப். 1966-ல் ஐரோப்பியக் கோப்பையில் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு எதிராக, பயிற்சியாளரான அவரே 39 வயதில் களத்தில் இறங்கினார். ஜூரிக் தோற்றது. செல்டிக் அந்த ஆண்டு கோப்பையையே தூக்கியது.

1967-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி கனடா. டொரன்டோ ஃபால்கன்ஸ் அணியில் ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. கைக்குழந்தையாக எல்லை தாண்டிவந்த மகன் பிராங்கோவும் அதே அணியில் ஆடினார். அங்கேதான் 40 வயதில் உண்மையாகவே ஆட்டத்தை நிறுத்தினார்.

கடைசியில் உலகக்கோப்பைக்குப் போனாரா?

போனார், பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார. 1969-ல் ஸ்பெயின் தேசிய அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1980 வரை 68 ஆட்டங்கள்.

அதிலும் முதல் அடி பழைய அடி மாதிரியே விழுந்தது. 1974 உலகக்கோப்பைக்கான தகுதிச் சுற்றில் யூகோஸ்லாவியாவும் ஸ்பெயினும் புள்ளிகளிலும் கோல் வித்தியாசத்திலும் சமநிலை. பொதுவான இடமான ஃபிராங்க்ஃபர்ட்டில் தனி ஆட்டம். 1-0 என்று ஸ்பெயின் தோற்றது. ரோமுக்குப் பிறகு ஏறக்குறைய 20 வருடம்.

1977 நவம்பரில் மறுபடி அதே யூகோஸ்லாவியா, இந்த முறை அவர்கள் ஊரான பெல்கிரேடில். பாட்டில்கள் பறந்த, முட்டிமோதிய ஆட்டத்தில் ரூபன் கானோ அடித்த ஒரே கோலில் ஸ்பெயின் ஜெயித்தது. 12 வருடத்துக்குப் பிறகு ஸ்பெயினுக்கு உலகக்கோப்பை வாய்ப்பு. 1978-ல் அர்ஜென்டினா போனார்கள். ஆஸ்திரியாவிடம் தோல்வி, பிரேசிலோடு 0-0, சுவீடனுக்கு எதிராக வெற்றி. முதல் சுற்றோடு திரும்பினார்கள். குபாலாவுக்கு அப்போது 51 வயது.

1980-ல் பார்சிலோனா அவரைத் திரும்பப் பயிற்சியாளராக அழைத்தது. சில மாதங்கள்தான். நவம்பரில் அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? இருபது வருடத்துக்கு முன்பு அவரை பெஞ்சில் உட்கார வைத்த அதே ஹெலெனியோ ஹெரேரா.

அதற்குப் பிறகும் பெட்டியைக் கட்டிக்கொண்டேதான் இருந்தார். சவுதி அரேபியா தேசிய அணி, ஸ்பெயினில் மலாகா உள்ளிட்ட கிளப்புகள், 1995-ல் 68 வயதில் தென் அமெரிக்காவின் பராகுவே தேசிய அணி. மலாகா அவர் பொறுப்பில் இருந்த 1988-ல் ஸ்பெயினின் முதல் டிவிஷனுக்கு ஏறியது.

கடைசி வருடங்களில் மூளையைப் பாதிக்கும் நோய் வந்து, நினைவுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. 2002 மே 17-ல் பார்சிலோனாவில் காலமானார். வயது 74. 2009-ல் கேம்ப் நூ மைதானத்துக்கு வெளியே, பந்தை உதைக்கக் காலைத் தூக்கிய நிலையில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அவர் ஏழு கோல் அடித்த லெஸ் கோர்ட்ஸ் மைதானத்தை 1966-லேயே இடித்துவிட்டார்கள்.